புறாவை விட முடியாது

"அந்தப் புறாவை மட்டும் எடுத்துவிடுங்கள். லண்டன் டெலிவிஷனில் ஒரு சீசன் முழுக்க உங்களுக்குத்தான்" என்றார் லண்டனிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்த ரூபர்ட்.

மதிய ஆட்டம் முடிந்து ஒப்பனைகூடக் கலைக்கவில்லை. வடகோடி மீன்பிடி ஊரான பீட்டர்ஹெட்டின் வட்டாரப் பேச்சில் "உன் புறாவெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் சௌக்கியமா என்று அர்த்தம். "கொத்திக்கிட்டு இருக்கு" என்பது பதில். அந்த ஒரு கேள்வியை வைத்தே நகைச்சுவை நடிகை டானா அரங்கத்தை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்திருந்தாள்.

'நீலக்கால்' என்ற அந்த நகைச்சுவைக் குழுவை நடத்தும் மோராக் அவசரமாக அவர் அருகில் வந்தாள். டெலிவிஷனில் ஒரு முறையாவது முகம் காட்டிவிட வேண்டும் என்பது அவளுடைய வாழ்நாள் ஆசை.

"புறா போனா போதுமா சார்?"

"போதாது. மொத்த நிகழ்ச்சியும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நீங்கள் பேசும் கொச்சை அங்கே யாருக்குப் புரியும்?"

டானா அவரை ஒரு பொருட்டாகவே மதிக்காதவள் போல மோராகின் பக்கம் திரும்பினாள்.

"என்னவாம்க்கா?"

"எல்லாத்தையும் இங்கிலீஷ்ல பேசணுமாம்டி. பேசிப் பாக்கலாமா? ஒரு சீசன்தானே?"

"நான் பேசுறது இங்கிலீஷ் இல்லாம வேற என்னவாம்?" டானா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள். "ஒரு எழுத்தை மாத்த மாட்டேன். புரியலைன்னா காதைக் குடைஞ்சுட்டு வரச் சொல்லு!"

மோராகுக்குப் புல்லரித்தது. இதே பேச்சுக்காகப் பள்ளிக்கூடத்தில் தோல்வாரால் அடி வாங்கியவள் அவள். அன்று வாத்தியாரிடம் இப்படி ஒரு வார்த்தை பேச அவளுக்குத் துணிச்சல் வந்ததில்லை.

"கடைசியாகக் கேட்கிறேன்" என்றார் ரூபர்ட். "இந்தப் பேச்சா, டெலிவிஷனா?"

மோராக் அவருடைய கோட்டை எடுத்து அவர் கையிலேயே திணித்தாள்.

"எங்க பேச்சு வேணாம்னா நாங்களும் வேணாம் சார். உங்க டெலிவிஷனை நீங்களே வச்சுக்குங்க. வாசல் அந்தப் பக்கம்."

அவர் போனதும் மோராகுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆசைப்பட்டது கைக்கு வந்து போய்விட்டது. ஆனாலும் தலை நிமிர்ந்திருந்தது. டானாவை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா இங்கிலீஷே வேணாம்னுட்டியே! இங்க பொறந்த எங்களுக்கே இல்லாத ரோஷம் உனக்கு எங்கேர்ந்துடி வந்துச்சு?"

டானா திருதிருவென விழித்தாள்.

"அக்கா... அப்போ போலந்துலேர்ந்து வந்து மீன் ஷெட்டுல உங்ககிட்ட நான் கத்துக்கிட்டது இங்கிலீஷ் இல்லையா?"