சிவப்புப் பட்டை போட்ட டம்ளர்

திருவொற்றியூர் சுகாதார நிலையத்தில் காலை வெயில் மேசைவரை வந்துவிட்டது. தெருவில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. காசநோய் மாத்திரை கொடுக்கும் ஃப்ளோரன்ஸ் மாத்திரை அட்டையைப் பிரிக்கிறாள். எதிரில் கைக்குட்டையால் வாயைப் பொத்தி உட்கார்ந்திருக்கிறான் லாரி யார்டு மேஸ்திரி மாசிலாமணி. அந்த யார்டில் வேலை பார்த்த அவள் தம்பி ஆண்ட்ரூவுக்கு இதே நோய் வந்தபோது அவனுக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கி, சிவப்புப் பெயிண்டில் பட்டை போட்டவன். நோயில்லை என்று காட்ட மாத்திரையை நிறுத்திய ஆண்ட்ரூ அடுத்த ஈஸ்டரைப் பார்க்கவில்லை. அவன் பையோடு வீட்டுக்கு வந்தது அந்த டம்ளர். இப்போது மேசை இழுப்பறையிலிருந்து வெளியே வருகிறது. ஃப்ளோரன்ஸ் அதில் தண்ணீர் ஊற்றுகிறாள். மாசிலாமணியின் கண் சிவப்புப் பட்டையிலேயே நிற்கிறது.

"வேற டம்ளர் இல்லியா சிஸ்டர்?"

"கீது. ஆனா இதான் உனுக்கு. நல்லா கழுவிதான் வச்சிகீறேன், பயப்படாத. என் கண்ணு முன்னாடி முழுங்கு."

வாசலில் வரிசையாக நிற்பவர்கள் பார்க்கிறார்கள். டம்ளர் அவன் பல்லில் இடித்துச் சத்தமிடுகிறது.

"வாயத் தொற. நாக்கைத் தூக்கு."

மாத்திரை இறங்கிவிட்டது. அவள் சிகிச்சை அட்டையின் முதல் கட்டத்தில் டிக் அடிக்கிறாள். ஆறு மாதத்துக்கான மீதிக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன.

"ஒரு நாள் நீ வரலேன்னாலும் இத்த எடுத்துகினு யார்டுக்கே வந்துருவேன் மேஸ்திரி. அங்க அல்லாரும் பாக்க முழுங்குவே."