தெளிந்த பிறகு

“எங்கப்பாவுக்கு வைத்தியம் வேண்டாம்னு சொல்ல நீ யாருடி?”

ஹூப்பள்ளி ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பாராமல் கஸ்தூரி கத்தினாள். எதிரே தம்பி மனைவி சுமங்கலா தலைகுனிந்து நின்றாள்.

“மாமாவுக்கு இப்ப ஒரு கவலையும் இல்லக்கா. இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே...”

ரயில்வேயில் ஓய்வு பெற்ற சங்கண்ணாவுக்குக் கொஞ்ச நாளாகவே நினைவு தப்பிக்கொண்டிருந்தது. ‘காதுக்குள்ள ரயில் ஓடுது’ என்பார். வீட்டில் சிரித்தார்கள். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள்.

கஸ்தூரிதான் பெல்காமிலிருந்து வந்து அவரை இங்கே இழுத்து வந்தாள்.

“இது வயசு மறதி இல்லம்மா” என்றார் டாக்டர். “மூளையைச் சுத்தி இருக்கிற உறையில ரத்தக்குழாய்ங்க தப்பா ஒட்டிக்கிட்டிருக்கு. ரத்தம் வடிய வழியில்லாம மூளையில தேங்குது. தொடை வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டு அந்த இடத்தை அடைச்சிடலாம். பழைய மனுஷனாத் திரும்ப நிறைய வாய்ப்பிருக்கு.”

கஸ்தூரி கையெடுத்துக் கும்பிட்டாள். அப்போதுதான் சுமங்கலா வேண்டாம் என்றாள்.

“எங்கவ்வாவை, என்னைப் பெத்தவளை முழுங்கினது போதாதா உனக்கு? கேஸ் அடுப்பை மூடாம மாவு மில்லுக்குப் போனே. விளக்கேத்த வந்த அவ்வா கரிக்கட்டையாப் போனா. நீயே போலீஸ்ல ஒத்துக்கிட்டவதானே? அப்பாவுக்குப் புத்தி வந்தா உன்னைக் கேள்வி கேப்பார்னு பயம்!”

“ஆமாக்கா. பயம்தான்.”

அந்தத் துணிச்சலைப் பார்த்து கஸ்தூரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மஸ்கட்டில் இருந்த தம்பியிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவளே கையெழுத்துப் போட்டாள்.

கண் விழித்ததும் சங்கண்ணா சொன்னார்: “ரயில் நின்னுடுச்சு மகளே.”

வீட்டுக்கு வந்த பின் நாளுக்கு நாள் தெளிந்தார். பேப்பர் படித்தார். பக்கத்து வீட்டுக்காரனை மறுபடி பெயர் சொல்லித் திட்டினார்.

ஒரு மத்தியானம் ஜோள ரொட்டியைப் பிய்த்தவர், சுவரில் மாலை போட்டிருந்த மனைவியின் படத்தையே பார்த்தார்.

“பார்வதி எப்படிம்மா செத்தா?”

“ஜுரம் மாமா” என்றாள் சுமங்கலா அவசரமாக.

கஸ்தூரி காத்திருந்ததே இதற்குத்தான். “ஜுரமா? இவதாம்பா கொன்னா! கேஸைத் திறந்து போட்டுட்டு மில்லுக்குப் போயிட்டா!”

“அக்கா, வேண்டாம்...”

சங்கண்ணாவின் கை தட்டிலேயே நின்றது. வெகுநேரம் சமையலறைப் பக்கமே பார்த்திருந்தார்.

“இல்லையே... சுமா எல்லாத்தையும் மூடிட்டுத்தானே போனா. எனக்கு டீ குடிக்கணும் போல இருந்துச்சு. குமிழைத் திருகினேன். தீப்பெட்டியைக் காணோம். தேடிக்கிட்டே கொல்லைக்குப் போனேன். அப்புறம் எதைத் தேடறோம்னே மறந்துபோச்சு...”

அவர் உதடு கோணியது. “கஸ்தூரி... நானா?”



சுமங்கலா ஓடிவந்து மாமனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“இல்ல மாமா, உங்களுக்கு இன்னும் சரியாத் தெளியல. நான்தான் திறந்து போட்டுட்டுப் போனேன். நான்தான் மாமா!”