மேகலாவின் சம்மதம்

கடலோரத்தில் எழுபது மாடிக் கட்டடம் வரக்கூடாது என்று குப்பத்தில் முதலில் எதிர்த்தவள் மேகலா. கருத்துக்கேட்புக் கூட்டத்தன்று மீன் விற்கக்கூடப் போகாமல் மண்டபத்துக்குப் போனாள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மக்களுக்குப் பதிலாக கணினி உருவாக்கிய அவர்களுடைய நகல் உருவங்கள் மேடைத் திரையில் ஒவ்வொன்றாக வந்து பேசிக்கொண்டிருந்தன.

"கட்டடம் வரட்டுங்க, எனக்குச் சம்மதம்" என்றது மேகலாவின் முகம், மேகலாவின் குரலில்.

"அது நான் இல்ல சார்! நான் இங்க நிக்கிறேன். எனக்கு இது வேணாம்!" என்று கீழேயிருந்து கத்தினாள் மேகலா.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "உங்க கருத்தத்தான் கேட்டாச்சேம்மா."

"என்னை எப்ப சார் கேட்டீங்க?"

"நீங்க கோவத்துல பேசுறீங்க. அது நிதானமா யோசிச்சுச் சொல்லியிருக்கு."

காவலர் அவளை வெளியே கொண்டுவந்து விட்டார். எரிச்சலும் அழுகையுமாக அவள் தோழி பார்கவியின் வீட்டுக்கு ஓடினாள். கூட்டத்தை போனில் நேரலையாகப் பார்த்திருந்த பார்கவி கதவைத் திறக்கவில்லை.

"போடி! கூடவே நின்னு கழுத்தறுத்துட்டியே!"

"அது மெஷினுடி. நான் அப்படிச் சொல்லுவனா?"

"நீ வெளிய ஒண்ணு பேசுவ. அது உன் மனசுல இருக்கறதத்தான பேசும்!"

மேகலாவுக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போது உள்ளே போனிலிருந்து பார்கவியின் குரல் கணீரென்று கேட்டது.

"நான் பார்கவி பேசுறேங்க. எனக்கும் சம்மதம்தாங்க."

போன் சட்டென்று அணைக்கப்பட்டது. பிறகு கதவு திறந்தது.