ஹார்க்னஸின் முகம்

வெண்மதியின் அப்பா ஹார்க்னஸ் என்ற வெள்ளைக்காரப் பெயரில் நாவல் எழுதுபவர். வாசகர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்க அவர் விட்டதுமில்லை. அவர் வெளியே போயிருந்தபோது பழைய பள்ளிக்கூட குரூப் போட்டோவோடு வந்த நிருபர், "இதுல உங்கப்பா யாரும்மா?" என்று கேட்டார். பயந்துபோன வெண்மதி, அப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற பையனைத் தொட்டுக் காட்டினாள். அந்த முகம்தான் பத்திரிகையில் வந்தது.

மறுநாள் காலை, பத்திரிகை ஆபீஸில் விசாரித்துக்கொண்டு ஒரு கிழவி வந்து வாசலில் நின்றாள்.

"எம்புள்ள ஆத்தோட போயிட்டான்னாங்க கண்ணு. ஒடம்புகூடக் கெடைக்கல. இங்க பேரை மாத்திக்கிட்டு உக்காந்திருக்கானா? திட்ட மாட்டேன், கூப்புடு."

உள்ளே டைப்ரைட்டர் சத்தம் நின்று, நாற்காலி நகர்ந்தது. கிழவி அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.