சமத்துப் பிள்ளை

திரும்பும் வழியிலும் பாப்பா வாந்தி எடுக்கவில்லை.

அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. வேன் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, மடியில் கிடந்த குழந்தையின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

தூங்குகிறாள்.

கொழுந்தனின் நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்துவிட்டது. தட்டு மாற்றும்போதும் சரி, பந்தியிலும் சரி, குழந்தை சிணுங்கவில்லை. பெண் வீட்டுக்காரர்கள் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போனது. யார் தோளில் போட்டாலும் அப்படியே சாய்ந்துகொண்டது.

"ஒண்ணர வயசுல இப்படி ஒரு சமத்துப் பிள்ளய நான் பாத்ததே இல்ல" என்றாள் கல்யாணப் பெண்ணின் சித்தி.

அதைக் கேட்க அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

காலையில் போகும்போது அப்படி இல்லை.

விடிவதற்குள் இரண்டு முறை வாந்தி. புறப்படுகிற அவசரத்தில் மருந்துக்கடைக்கு ஓடினாள். கடையிலிருந்த பெண் ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கொடுத்து, முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கச் சொன்னாள்.

"ஸ்பூன் ஸ்பூனா குடுங்கக்கா. வாந்தி எடுத்தா நிறுத்திராதீங்க. கொஞ்ச நேரம் விட்டுட்டு மறுபடியும் குடுங்க."

தலையாட்டினாள். எல்லாம் புரிந்தது.

வேனில் ஸ்பூன் கையில் அகப்படவில்லை. பைக்குள் எங்கோ அடியில் கிடந்தது. கரைத்து வைத்திருந்த பாட்டிலையே வாயில் வைத்தாள். தாகத்தோடு இருந்த குழந்தை மடக் மடக்கென்று குடித்தது.

குடித்ததெல்லாம் பக்கத்தில் இருந்த மதினியின் புதுப் பட்டுப்புடவையில் வந்து விழுந்தது.

மதினி என்றால் கணவனின் அக்கா. அந்தக் குடும்பத்தின் முதல் குரல்.

வேன் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"அத்தைக்கு மருமக இப்பவே பன்னீர் தெளிச்சிட்டால்லா" என்று பின்சீட்டிலிருந்து பெரியப்பா முறை ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மதினியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புடவையைத் துடைத்தாள்.

"போய்ச் சேருத வரைக்கும் அவ வாயில ஒண்ணும் வைக்காத தாயி. உள்ள போனாத்தான வெளிய வரும்."

சரிதானே என்று பட்டது. பாட்டிலை மூடினாள்.

சரியென்று பட்டதா, அத்தனை பேர் சிரித்தது சுட்டதா. இப்போது கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மண்டபத்தில் குழந்தை டம்ளர்களைப் பார்த்துக் கை நீட்டியது. யார் கையில் டம்ளர் இருந்தாலும் நீட்டியது. அவள் அதன் முகத்தை வேறு பக்கம் திருப்பினாள். நனைத்த கைக்குட்டையால் வாயைத் துடைத்தபோது, அதைப் பற்றி இழுத்துச் சப்பியது. மதினி பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கண்டதும் இவள் கைக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

குழந்தை கொஞ்ச நேரம் அழுதது.

பிறகு எதற்கும் கை நீட்டவில்லை.

அதைத்தான் சமத்து என்றார்கள்.

வேன் வள்ளியூரைத் தாண்டியது. வெயிலில் காற்றாலைகள் சுற்றாமல் நின்றன.

முன்சீட்டிலிருந்து கணவன் திரும்பினான். காலையிலிருந்து தட்டு தூக்கவும் ஆட்களை உபசரிக்கவுமே அவனுக்குச் சரியாக இருந்தது. இப்போதுதான் அவளை ஆற அமரப் பார்க்கிறான். அந்த அரக்குப் புடவை நன்றாக இருக்கிறது என்று கண்ணாலேயே சொன்னான். அவளும் கண்ணாலேயே சிரித்தாள்.

"தூங்குதாளா?"

"ம்."

"டயப்பர் மாத்தணும்னா சொல்லு. வண்டிய ஓரங்கட்டச் சொல்லுதேன்."

அவள் தொட்டுப் பார்த்தாள்.

"வேண்டாம். ஈரமே இல்ல."

அவன் திரும்பிக்கொண்டான்.

அவள் கை அங்கேயே நின்றது.

காலையில் கட்டிவிட்ட டயப்பர் அது. மண்டபத்தில் யாரும் மாற்றவில்லை. எடையே இல்லை. அப்போதுதான் கவரிலிருந்து எடுத்ததுபோல மொடமொடவென்று இருந்தது.

"பாப்பா."

கன்னத்தைத் தட்டினாள்.

"பாப்பா. அம்மாவப் பாரு."

இமைகள் பாதி திறந்தன. கண்கள் எங்கோ உள்ளே போயிருந்தன. அவை அவளைப் பார்க்கவில்லை. உதடு வெடித்திருந்தது. அழுவதற்காக முகம் கோணியது. சத்தம் வரவில்லை. கண்ணீரும் வரவில்லை.

பையைக் கவிழ்த்தாள். பவுடர் டப்பா, கிலுகிலுப்பை, மாற்றுச் சட்டை, எல்லாவற்றுக்கும் கடைசியாக ஸ்பூன். கரைசலில் கொஞ்சம் எடுத்து உதட்டுக்குள் விட்டாள்.

குழந்தை விழுங்கவில்லை. விட்டது விட்டபடியே வாயோரமாக வழிந்தது.

மதினி எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத் தூங்குத பிள்ளய என்னத்துக்கு எழுப்புத?"

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள் அவள்.

கத்திச் சொன்னதாகத்தான் நினைத்தாள். கணவன் திரும்பவில்லை. வேனுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் யாரோ கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டுநர் மட்டும் நிமிர்ந்து உள்கண்ணாடியைப் பார்த்தார்.

அவளை அல்ல. அவள் மடியை.

பாட்டை நிறுத்தினார். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை. என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை.

கண் கூசுகிற அந்தப் பட்டப்பகல் வெயிலில் முகப்பு விளக்குகளைப் போட்டார். ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.