தண்ணீருக்குள் போனவள்

அம்மனைத் தண்ணீரில் இறக்கிய நேரத்தில் லானின் அப்பா கால்வாய்க்குள் குதித்தார்.

காலில் போட்ட சப்பாத்தோடு குதித்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். இடுப்பளவு தண்ணீரில் நின்ற குருக்களைத் தள்ளிவிட்டு, அம்மனை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து மேலே தூக்கப் பார்த்தார்.

தவில் நின்றது. கரையில் நின்ற சனம் கூச்சல் போட்டது.

வசுந்தரா கரை விளிம்புக்கு ஓடினாள். தகப்பனையும் மகளையும் ஜேர்மனியின் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குக் கூட்டிவந்தவள் அவள்தான். லான் சீனாக்காரி, அவளோடு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். மூன்று மாத விசாவில் வந்த அப்பா வந்த நாள் தொட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று லான் அழாக்குறையாகச் சொல்லியிருந்தாள். ஒருநாளாவது அந்த மனிதருக்கு வெளிக்காற்றுப் படட்டும் என்றுதான் வசுந்தரா அழைத்தாள்.

அவர்களுடைய கதை அவளுக்குத் தெரியும். பெரிய ஆற்றங்கரையில் ஊர். கீழே அணை கட்டினார்கள். ஊர் தண்ணீருக்குள் போனது. மலைமேல் புது ஊர் கொடுத்தார்கள். சில வருடங்களில் அந்த மலையும் வெடித்துச் சரியத் தொடங்கியது. மறுபடியும் மூட்டை கட்டினார்கள். இப்போது தூரத்து நகரம் ஒன்றில், மேகம் முட்டுகிற மாதிரி ஒரு மாடியில் வீடு. அவர் பேசுகிற பேச்சு அங்கே அக்கம்பக்கத்துக்கு விளங்குவதில்லை. கீழே பூப்பாத்தியில் மிளகாய் நட்டார். காவலாளி பிடுங்கி எறிந்தான். அதற்குப் பிறகு அவர் எதையும் நடவில்லை.

அம்மனைத் தாங்கி நின்றவர்களில் வசுந்தராவின் கணவர் விமலநாதனும் ஒருவர். அவர் கிழவரின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பின்னால் நின்ற இளந்தாரிகள் இரண்டு பேர் கையை ஓங்கினார்கள்.

"அடிக்காதேங்கோ! சாமி தாழுது எண்டு நினைச்சிட்டார் போல" என்று வசுந்தரா கரையில் நின்று கத்தினாள்.

அது எல்லோருக்கும் விளங்கியது. ஓங்கிய கைகள் இறங்கின. ஒருத்தர் சிரித்தார். குருக்கள்கூட முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாவம் மனுசன் என்றார்.

லான் தண்ணீருக்குள் இறங்கிப்போய் அப்பாவின் தோளைப் பிடித்தாள். அவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு நீளமாக என்னவோ சொன்னார். லான் அசையாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். சொல்லி முடிந்ததும் அவர் கை தானாக விட்டது.

கரையேறியவருக்கு வசுந்தரா தன் சால்வையைப் போர்த்திவிட்டாள். உங்கள் ஊர்க் கோயிலும் இப்படித்தான் தண்ணீருக்குள் போனதா என்று லானிடம் டொச் மொழியில் கேட்டாள்.

எங்கள் ஊரில் கோயிலே இல்லை என்றாள் லான்.

அப்படியென்றால் அந்தச் சொல்?

அது அம்மாவின் பெயர் என்றாள்.

அம்மா அணைக்கு முன்பே செத்துப்போனவள். தண்ணீர் ஏறுவதற்குள் அவரவர் தங்கள் வீட்டுப் பிணக்குழியைத் தோண்டி, எலும்பை எடுத்துப் போகச் சொன்னார்கள். லான் அப்போது நகரத்துத் தொழிற்சாலையில் இருந்தாள். அப்பாதான் தோண்டினார். ஒரு சாடியைக் கொண்டுபோய் மலைமேல் புதைத்து, கல் நட்டார். இன்றும் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போய், அந்தக் கல்லுக்கு முன்னால் தொலைபேசியைப் பிடிப்பார். லான் இங்கே தன் தொலைபேசியில் அதைப் பார்த்து, குசினித் தரையில் முழந்தாளிட்டுக் கும்பிடுவாள்.

சாடியில் அம்மா இல்லை.

மழையாம். ஒரே சேறாம். எங்கே தோண்டியும் கிடைக்கவில்லையாம். லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே நின்றானாம். கடைசியில் சோளக்காட்டு மண்ணை அள்ளிப் போட்டு மூடினாராம். இப்போதுதான், தண்ணீரில் நின்றுகொண்டு சொல்கிறார்.

அவர்களுக்குப் பின்னால் தவில் மறுபடியும் தொடங்கியது. கிழவர் தலையைக் குனிந்து சப்பாத்துத் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அவர் திரும்பிப் போகிறார். வாற வசந்தத்துக்கும் அந்தக் கல்லுக்கு முன்னால் போன் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன் என்றாள் லான்.