நந்தகோபாலின் கடைசி மிக்ஸி

பூட்டியவர்தான் கழற்ற வேண்டும் என்பது அந்தக் கோவைக் கம்பெனியின் சட்டம். தான் செய்த மிக்ஸிகள் அத்தனையும் திரும்பி வந்து, தன் கையாலேயே பிரித்துப் போட்ட பிறகுதான் ஒருவருக்கு ஓய்வு. குப்பைக்கு ஒரு ஸ்க்ரூகூடப் போகாது.

நந்தகோபாலுக்கு அறுபத்தேழு வயது. நின்று நின்றே முழங்கால் வீங்கிவிட்டது. இன்னும் ஒரே ஒரு மிக்ஸிதான் பாக்கி. அது காரமடையில் சிந்துஜா வீட்டில் இருந்தது. புதிது தருகிறோம் என்று மூன்று முறை கேட்டும் சிந்துஜா அசைந்து கொடுக்கவில்லை.

அன்று காலை சிந்துஜாவே கூப்பிட்டாள். மிக்ஸி நின்றுவிட்டதாம். ஓய்வு விண்ணப்பத்தையும் பையில் போட்டுக்கொண்டு அவர் பஸ் ஏறினார்.

“இருபத்தாறு வருசமா ஒரு நாள்கூட மக்கர் பண்ணலீங்க,” என்றாள் சிந்துஜா. “இனி எடுத்துட்டுப் போயிருவீங்களா?”

அவர் திறந்து பார்த்தார். மோட்டாருக்குள் இருக்கும் சின்ன கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். முடிந்துபோயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளையிலிருந்து வீட்டில் காலை நீட்டி உட்காரலாம்.

பையிலிருந்து புது பிரஷை எடுத்து மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் மிக்ஸி பழையபடி உறுமியது. அடியிலிருந்த ரப்பர் கால் ஒன்று தேய்ந்திருந்ததால் மேடைமேல் லேசாக ஆடியது.

“இன்னும் பத்து வருசம் ஓடுமுங்க,” என்று அலுத்துக்கொண்டே சொன்னவர், விண்ணப்பத்தை நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தார்.